ஒரு பவுண்டு அரிசி

போன வருஷம் ஜூன் மாதம் ஃபோனில் ஒரு டயட் ஆப் இறக்கினேன். உயரம், எடை, வயது, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் என்கிற உண்மை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஆறு கிலோ குறைய வேண்டுமென்றால் தினம் 1,600 கலோரிதான் என்று கணக்குப் போட்டுச் சொன்னது. (கிலோகலோரி என்பதுதான் சரி. ஊரே கலோரி என்று சொல்வதால் நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.)

முதல் வாரம் உற்சாகமாகப் போனது. பத்தாவது நாள், மாலை நாலு மணிக்கு ஒரு கோட் ரிவ்யூ. ஒரே வரியை நாலு முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை. அன்றைக்கு ஜிம்மில், ரெண்டு மாதமாகச் சாதாரணமாகத் தூக்கிக்கொண்டிருந்த எடை தரையை விட்டு எழும்பவே இல்லை. ட்ரெயினர் சிரித்தார். "சாப்பிடாம வந்தா எப்படி ப்ரோ தூக்கும்?"

இவ்வளவுக்கும் நான் செய்த வேலை ஏசி அறையில் விரல்களை அசைத்தது மட்டும்தான்.

அந்த வாரங்களில் ரயிலில் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். என் பாட்டிக்குத் தர்மபுரிப் பக்கம். சின்ன வயதில் நாங்கள் தட்டை வழித்து நக்கினால், "ஏன்டா, தாது வருசத்துல பொறந்தவனாட்டம் திங்கற" என்பாள். வசவா கொஞ்சலா என்று தெரியாது. தாது வருஷம் என்றால் எந்த வருஷம் என்று கேட்கத் தோன்றியதும் இல்லை. பாட்டி போய்ப் பல வருஷம் கழித்துத்தான் அது 1876-77 என்று தெரிந்துகொண்டேன். சென்னை மாகாணம், மைசூர், பம்பாய் தக்காணம், ஹைதராபாத் எல்லாம் சேர்ந்து ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பஞ்சம். தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. 1871 சென்சஸுக்கும் 1881 சென்சஸுக்கும் இடையே சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. பாட்டிக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்திருக்கும் என்பது அந்த எண்ணைப் பார்த்தபோது புரிந்தது.

படித்துக்கொண்டே வரும்போது ஒரு வரியில் நின்றேன். பஞ்ச நிவாரண வேலைக்கு வருகிற வளர்ந்த ஆணுக்கு ஒரு நாள் கூலி: ஒரு பவுண்டு தானியத்தின் விலை, கூட அரை அணா. கைப்பழக்கத்தில் ஆப்பைத் திறந்து 'பச்சரிசி, 454 கிராம்' என்று தட்டினேன். 1,590 என்று வந்தது. எனக்கு அது விதித்திருந்த இலக்கில் பத்து கலோரி குறைவு.

நான் தினமும் ஏறுவது திருவல்லிக்கேணியில், பறக்கும் ரயில். அங்கிருந்து மயிலாப்பூர், மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை வரைக்கும் ரயில் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியும் அதன் மேலேயுமாகவே போகும். நாற்றம் வந்தால் ஜன்னல் பக்கம் இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அவ்வளவுதான் அதற்கும் எங்களுக்குமான உறவு. கால்வாயின் மற்ற பகுதிகள் வெவ்வேறு காலத்தில் வெட்டப்பட்டவை. வடக்கே எண்ணூர்ப் பக்கம் போகிற துண்டு 1806லேயே தொடங்கியது. ஆனால் நகரத்துக்குள்ளே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற இந்த எட்டு கிலோமீட்டர் சொச்சம், 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு. பெயர் அவருடையது.

ஆக, என் டயட் கணக்கும் என் ரயில் பாதையும் ஒரே இடத்தில் வந்து முட்டின. அதற்குப் பிறகு விட முடியவில்லை.

*

ஒரு பவுண்டு என்று தீர்மானித்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். அவரை வெறும் கல்நெஞ்சுக்காரர் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், பலர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அவர் அதைவிடப் பரிச்சயமான ஆளாகத் தெரிகிறார். 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது நிவாரணத்தை நடத்தியவர் இதே டெம்பிள். பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி வரவழைத்தார், கூலியும் தாராளமாகக் கொடுத்தார். சாவு மிகக் குறைவு. அதற்குப் பரிசாக அவருக்குக் கிடைத்தது திட்டு. ஏராளமாகச் செலவழித்துவிட்டார், சோம்பேறிகளை வளர்த்துவிட்டார் என்று லண்டன் வரைக்கும் பேச்சு. போன ப்ராஜெக்ட்டில் பட்ஜெட் தாண்டியதற்காக வாங்கிக் கட்டிக்கொண்ட மேனேஜர் அடுத்த ப்ராஜெக்ட்டில் எப்படி நடந்துகொள்வார் என்று ஐடியில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அவரைப் பஞ்சப் பிரதிநிதியாகத் தெற்கே அனுப்பியபோது கொடுத்த கட்டளையும் சிக்கனம்தான். ஆப்கானிஸ்தான் எல்லையில் போர் வரலாம், பணம் வேண்டும்.

வந்த சில வாரங்களுக்குள் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு போதும், இது ஒரு சோதனை, பார்ப்போம் என்பது அவர் வாதம். இந்த மக்கள் சைவ உணவில், குறைந்த சாப்பாட்டில் வாழப் பழகியவர்கள். நைட்ரஜன் சத்து இவ்வளவு வேண்டும் என்று ஐரோப்பிய உடலியல்காரர்கள் சொல்வது இவர்களுக்குப் பொருந்தாது.

பம்பாய் மாகாணத்தில் இதே குறைப்பு வந்தபோது ஆட்கள் பெருந்திரளாக வேலைத்தளத்தை விட்டே வெளியேறினார்கள். பட்டினி கிடந்தாலும் இந்தக் கூலிக்கு மண் சுமக்க மாட்டோம் என்று. புனே சார்வஜனிக் சபா அவர்களுக்காக மனு மேல் மனு எழுதியது. சென்னையில் எதிர்ப்பு வேறு வடிவத்தில், அரசாங்கத்துக்குள்ளிருந்தே வந்தது. மாகாணச் சுகாதார ஆணையர், சர்ஜன் மேஜர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ்.

கார்னிஷ் இந்த விஷயத்தில் கத்துக்குட்டி இல்லை. 1863லேயே சென்னை மாகாண மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், ஜில்லாச் சிறைகளில் கைதிகளுக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்று அறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டவர். 1871 சென்சஸ் அறிக்கையும் அவர் எழுதியதுதான். 'இவர்கள் சோறு மட்டும் தின்கிறவர்கள்' என்ற பேச்சைக் கேட்டதும் அவருக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். பணமிருந்தால் பருப்பு சேர்த்துக்கொள்வார்கள், மோர் ஊற்றிக்கொள்வார்கள், மீன் கிடைத்தால் மீன், கறி கிடைத்தால் கறி. ஏழை வெறும் சோறு சாப்பிடுவது அவன் ஏழை என்பதால். உடம்பு கேட்பது வேறு. இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார்: சிறையில் கடின உழைப்புக் கைதிக்குக் கொடுப்பதைவிடக் குறைவான சாப்பாட்டில், எந்தக் குற்றமும் செய்யாத ஒரு விவசாயியை மண் வெட்டச் சொல்கிறோம். டெம்பிள் 'சோதனை' என்று சொன்னதும் அவருக்குப் பொறுக்கவில்லை. முடிவு தெரிந்த சோதனையை ஏன் லட்சக்கணக்கான மனிதர்கள்மீது மறுபடி செய்ய வேண்டும்?

*

முடிவு எவ்வளவு தூரம் தெரிந்திருந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கொஞ்சம் சுவிட்சர்லாந்து போய்விட்டு வருவோம்.

1840களிலிருந்து உணவு விஷயத்தில் ராஜா ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக். தசை புரதத்தால் ஆனது, ஆகவே தசை வேலை செய்யும்போது எரிவதும் புரதம்தான், மாவுச்சத்தும் கொழுப்பும் உடல் சூட்டுக்கு மட்டுமே என்பது அவர் சித்தாந்தம். ஜிம் ட்ரெயினர்கள் இன்றுவரை பாதி லீபிக்தான். இதைச் சோதிக்க 1865 ஆகஸ்டில் ஜூரிச் நகரத்துப் பேராசிரியர்கள் இருவர், அடால்ஃப் ஃபிக், யோஹானஸ் விஸ்லிசேனஸ், ஃபவுல்ஹார்ன் என்ற மலையில் ஏறினார்கள். ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்தே புரதமுள்ள எதையும் தொடவில்லை. மாவுச்சத்தைப் பிசைந்து கொழுப்பில் சுட்ட அப்பம், சர்க்கரை போட்ட தேநீர். வழியெல்லாம் தங்கள் சிறுநீரைச் சேகரித்துக்கொண்டே போனார்கள். புரதம் எரிந்தால் அதன் நைட்ரஜன் சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். ஏரிக்கரையிலிருந்து உச்சி வரை 1,956 மீட்டர். உடல் எடையை அந்த உயரத்துக்குத் தூக்கச் செலவான வேலையை ஒரு பக்கமும், எரிந்த புரதத்தின் ஆற்றலை மறுபக்கமும் வைத்துப் பார்த்தால் கணக்கு உதைத்தது. எரிந்த புரதம் போதவே போதாது. ஆற்றல் மாவிலிருந்தும் கொழுப்பிலிருந்தும்தான் வந்திருக்க வேண்டும். 1866இல் ஃபிக்கின் மைத்துனரான எட்வர்ட் ஃபிராங்க்லண்ட் உணவுகளை ஒவ்வொன்றாகக் கருவியில் எரித்து, எதில் எவ்வளவு வெப்பம் என்று அளந்து பட்டியலே போட்டுவிட்டார். என் ஃபோனிலிருக்கும் ஆப்பின் கொள்ளுத்தாத்தா அந்தப் பட்டியல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கார்னிஷ் நைட்ரஜனை மிக அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார், பருப்பு வேண்டும் பருப்பு வேண்டும் என்று. தசையின் எரிபொருள் புரதம் இல்லை என்கிற புதிய அறிவின்படி பார்த்தால், 'நைட்ரஜன் கொள்கை நிரூபணமாகவில்லை' என்ற டெம்பிளின் பேச்சில் ஒரு துளி நியாயம்கூட இருந்தது. ஆனால் அதே புதிய அறிவு டெம்பிளை இன்னும் மோசமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. உடம்பு ஓர் எஞ்சின், அது செய்யும் வேலைக்குக் கணக்காக எரிபொருள் போட்டாக வேண்டும் என்பது டெம்பிள் தெற்கே வருவதற்குப் பதினோரு வருஷம் முன்பே அச்சில் இருந்தது.

பொறியியல் படித்த புத்தி, நாமே போட்டுப் பார்ப்போம் என்றது. பஞ்சத்தில் அடிபட்ட ஒரு கூலியாளுக்கு ஐம்பது கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். அசையாமல் படுத்துக்கொண்டு மூச்சுவிட, இதயம் துடிக்க, உடம்பு சூடாக இருக்க மட்டும் சுமார் 1,350 கலோரி போய்விடும். ஒரு பவுண்டு அரிசியில் மிச்சம் 240. நடப்பதற்கு மட்டும் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட முப்பது வைத்தால், எட்டு கிலோமீட்டர் நடை. அதோடு தீர்ந்தது. மண்வெட்டியை இன்னும் கையில் எடுக்கவில்லை, ஒரு கூடை மண் தலைக்கு ஏறவில்லை. தசையின் திறனோ அதிகம் போனால் நாலில் ஒரு பங்கு. சாப்பிட்ட நாலு கலோரியில் ஒன்றுதான் கூடையை மேலே தூக்கும், மீதி வியர்வையாகப் போகும். இன்றைய ஐசிஎம்ஆர் பரிந்துரையில் கடின உழைப்புச் செய்யும் ஆணுக்கு 3,470 கலோரி. அது 65 கிலோ ஆளுக்கு என்று கழித்துக்கொண்டாலும், கணக்கில் விழுகிற ஓட்டை சாதாரண ஓட்டை இல்லை.

அரை அணாவை மறந்துவிட்டேனே என்று கேட்கலாம். உப்பு, மிளகாய், விறகு எல்லாம் அதில்தான். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் கூலி இன்னும் குறைவு.

ஓட்டை எங்கிருந்து அடைபடும்? உடம்பிலிருந்துதான். முதலில் ஈரலிலும் தசையிலும் சேமித்த கொஞ்சம் சர்க்கரை, பிறகு கொழுப்பு, கொழுப்பே இல்லாத உடம்பில் தசை. வேலை செய்கிற கருவியையே விறகாக வைத்து எரிப்பது. இது நடக்கும்போது ஆள் எப்படி இருப்பான் என்பதற்கு நம்மிடம் மிகத் துல்லியமான பதிவு ஒன்று இருக்கிறது, வேறொரு நூற்றாண்டிலிருந்து. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியலாளர் 36 இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டார். போரில் ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராதவர்கள், அதற்குப் பதிலாகத் தங்கள் உடம்பைக் கொடுக்க முன்வந்தவர்கள். போர் முடியும்போது பட்டினியால் வாடும் ஐரோப்பாவை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மூன்று மாதம் நல்ல சாப்பாடு, பிறகு ஆறு மாதம் அரைப்பட்டினி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. வாரத்துக்கு 22 மைல் நடக்க வேண்டும்.

அந்த ஆறு மாதங்களில் அவர்கள் சாப்பிட்டதன் சராசரி சுமார் 1,570 கலோரி.

உடல் எடையில் கிட்டத்தட்ட கால்வாசி போனது. கைப்பிடி தளர்ந்தது, ட்ரெட்மில்லில் தாக்குப்பிடிக்கும் நேரம் படுபாதாளத்துக்குச் சரிந்தது. கால் வீங்கியது, கோடையிலும் குளிர்ந்தது. படிக்க எடுத்த புத்தகத்தை வைத்துவிட்டுச் சமையல் குறிப்புகளை மணிக்கணக்காகப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். பாட்டி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும். எழுபது கிலோவுக்குப் பக்கத்திலிருந்த திடகாத்திரமான அமெரிக்கர்கள், மருத்துவர்கள் பக்கத்திலேயே இருக்க, யாரும் மண் சுமக்கச் சொல்லாத நிலையில். 1877இல் நிவாரண வேலைக்கு வந்தவர்களோ மழை பொய்த்து, மாடு செத்து, விதைநெல்லையும் தின்று தீர்த்த பிறகு வந்தவர்கள். தொடக்கமே அங்கே.

சென்னையில் இந்தப் பதிவை எழுதியவர் அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற மருத்துவர். பஞ்சத்தில் இறந்தவர்களின் உடல்களை நானூற்றுக்கும் மேல் அறுத்துப் பார்த்து இதயம், ஈரல், மண்ணீரல் என்று ஒவ்வொன்றாக எடைபோட்டு எழுதிவைத்தார். 1889இல் அரசு அச்சகத்தில் அது புத்தகமாக வந்தது. டெம்பிள் முகாம்களைச் சுற்றிப்பார்த்துவிட்டு, மக்கள் பெரிதாக மெலிந்ததாகத் தெரியவில்லை என்று திருப்தியாக அறிக்கை அனுப்பியிருந்தார். கண்ணால் பார்ப்பதற்கும் தராசில் வைப்பதற்கும் உள்ள தூரம் இது. கார்னிஷ் தராசின் பக்கம் இருந்தார், அதனால்தான் ஜெயித்தார் என்று நினைக்கிறேன். முகாம்களிலிருந்து வந்த மருத்துவ அறிக்கைகளும் சாவுக் கணக்குகளும் குவிந்து, 1877 மே மாதவாக்கில் சென்னை அரசு ஒரு பவுண்டைக் கைவிட்டது. ஒன்றேகால் பவுண்டு அரிசி, கூட ஒன்றரை அவுன்ஸ் பருப்பு.

கால் பவுண்டும் ஒரு கைப்பிடிப் பருப்பும். ஒரு மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரிகளில் ஒருவர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டி வாங்கியது இவ்வளவு. கூட்டிப் பார்த்தால் இரண்டாயிரம் கலோரியைச் சற்றுத் தாண்டும். டெம்பிளுக்கு அதே மே மாதம் பம்பாய் கவர்னர் பதவி கிடைத்தது.

*

'சோறு தின்பவன்' என்ற பேச்சு அதோடு முடியவில்லை, தலைகீழாகத் திரும்பி வந்தது. ஐம்பது வருஷம் கழித்து, குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு வட்டாரச் சாப்பாடுகளைக் கொடுத்து வளர்த்தார். சீக்கியச் சாப்பாடு, பட்டாணியச் சாப்பாடு என்று தொடங்கிக் கடைசியில் மதராசிச் சாப்பாடு. சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி தின்ற சீக்கிய எலி கொழுத்தது. தீட்டிய அரிசி தின்ற மதராசி எலி நோஞ்சானாக நின்றது. 1877இல் 'இவர்களுக்குக் கொஞ்சம் போதும்' என்றார்கள், 1920களில் 'இவர்கள் கொஞ்சமாகச் சாப்பிடுவதால்தான் இப்படி' என்று படம் போட்டுக் காட்டினார்கள். மெக்காரிசனைக் குறை சொல்ல மாட்டேன். சில இனங்கள் பிறவியிலேயே வீரர்கள் என்று ராணுவம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், காரணம் ரத்தத்தில் இல்லை, தட்டில் இருக்கிறது என்றார். ஆனால் அந்தத் தட்டில் பாலும் வெண்ணெயும் ஏன் இல்லை என்று எலியிடம் கேட்க முடியாது. அந்தக் குன்னூர் ஆய்வகம்தான் 1950களின் இறுதியில் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. இட்லிக்கு இவ்வளவு, கேழ்வரகுக்கு இவ்வளவு என்று நாம் இன்று பார்க்கிற சத்து அட்டவணைகளின் பூர்வீகம் அங்கே இருக்கிறது.

*

ஆப்பை அழித்துவிட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறைத் தராசில் 454 கிராம் அரிசியை அளந்து எடுத்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "யாராவது வர்றாங்களா?" என்றாள். இல்லை, எனக்கு மட்டும், ஒரு நாளைக்கு என்றேன். "ஒரு ஆளுக்கா இவ்ளோ? நம்ம மூணு பேருக்கு வடிக்கிறதுடா இது."

வடித்த பிறகு பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு கிலோவுக்கு மேல் சோறு, பாத்திரம் நிறைய வெள்ளையாக ஆவி பறந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறவருக்கு இது தாராளமாகத்தான் தெரியும். டெம்பிள் பொய் சொல்லவில்லை, அவர் பாத்திரத்தைப் பார்த்திருக்கிறார்.

மூன்றாகப் பிரித்து வைத்தேன். அரை அணாவுக்கு உப்பு, புளி, நாலு மிளகாய் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன். காலையில் பாதிக்கு மேல் இறங்கவில்லை, திகட்டியது. மத்தியானம் மிச்சத்தையும் சேர்த்துச் சாப்பிட்டேன். சாயங்காலம் வீட்டிலிருந்து கால்வாய்க் கரையை ஒட்டியே மந்தைவெளி வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தேன். கையில் எதையும் சுமக்கவில்லை. திரும்பும்போது ஒவ்வொரு தூணுக்கும் நின்றேன் என்று எழுதினால் நாடகமாக இருக்கும், அப்படியெல்லாம் இல்லை. லேசான தலைவலி, பஜ்ஜிக் கடை வாசனை வந்தபோது வாயில் எச்சில், அவ்வளவுதான்.

ராத்திரி கடைசிப் பங்கையும் உப்புப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டேன். எட்டரைக்கெல்லாம் மறுபடி பசித்தது. வயிறு நிறைய சோறு உள்ளே இருக்கும்போதே வருகிற வேறு ஏதோ பசி அது. அம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கும் இதேதானா?"

"இல்லம்மா. இன்னிக்கு ஒரு நாள்தான்."

அவள் எழுந்து போய் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டாள்.